பாலேந்திராவின் நெஞ்சளவு

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருக்கும் பாலேந்திரா டெனிஷ் கதைக்கும்போது எட்டு சென்ரிமீற்றர் கட்டையாகிவிடுவார், தமிழுக்குத் திரும்பினால் மறுபடி வளர்ந்துவிடுவார். தமிழில் அவருடைய உயரம் நூற்று எழுபத்திரண்டு, நெஞ்சளவு நூற்றாறு. டெனிஷில் உயரம் நூற்று அறுபத்துநாலு, நெஞ்சளவு தொண்ணூற்றிரண்டு. இது 1988 மார்ச் மாதத்தில், மொழி வகுப்பின் இரண்டாம் நாள், என் பெயர் பாலேந்திரா, நான் இலங்கையிலிருந்து வந்திருக்கிறேன் என்று அவர் எழும்பி நின்று டெனிஷில் சொன்னபோது தொடங்கியது. சொல்லி முடிய அவருடைய சட்டைக் கை இரண்டும் விரல் நுனிகளை மூடிக்கொண்டு தொங்கின. படிப்பித்த அம்மா நல்ல மனிசி. உச்சரிப்பைத் திருத்திவிட்டு, முன்னுக்கிருப்பவரின் தலை மறைக்கும், கதிரையை இழுத்து முன்வரிசையில் போடுங்கள் என்றார். அவரும் போட்டார். இடைவேளையில் கூடப் படித்த சிறீஸ்கந்தராசா வந்து தமிழில் நெருப்புப்பெட்டி கேட்க, ஆள் பழைய அளவுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அகதி முகாமில் எல்லாரும் கதைத்தது இதைப் பற்றியல்ல. மத்தியானம் தந்த உருளைக்கிழங்கில் உப்பே இல்லை என்பதைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

ஏன் அவருக்கு மட்டும் இப்படி என்று இன்றைக்கும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்குப் பிரஷர், பாலேந்திராவுக்கு இது. இதில் ஆராய என்ன கிடக்கிறது? அவர் வாயைத் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை, யாராவது அவரைப் பார்த்து டெனிஷில் கதைத்தாலே போதும், தோள் இறங்கத் தொடங்கிவிடும். பெல்ற்றில் இரண்டு ஓட்டைகளுக்குச் சிவப்பு மையால் அடையாளம் போட்டுவைத்திருக்கிறார். சப்பாத்துக்குள் வைக்கும் மெத்தைத் தகடு ஒரு சோடி எப்போதும் ஜக்கற் பையில் இருக்கும். கடவுச்சீட்டில் உயரம் எழுதும் இடத்தில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி நூற்று அறுபத்தெட்டு என்று போட்டிருக்கிறார், எவரும் மறுத்ததில்லை. முப்பத்தொரு வருடமாக அவர் வேலை செய்யும் யன்னல் தொழிற்சாலையில், மேலாளர் ப்ரெபென் ஒன்றும் கேட்காமல் ஒரு மரப் படியைச் செய்து மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். தமிழ்ச் சங்க ஆண்டுவிழாவில் நன்றியுரை எப்போதும் பாலேந்திராதான். நாற்பது நிமிட நன்றியுரையின் முடிவில் சட்டைப் பொத்தான் ஒன்றாவது தெறிக்கும், முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு இருப்பார்கள். அவருடைய மனைவி சுசீலாதேவி எந்த மொழியிலும் நூற்று ஐம்பத்திரண்டுதான். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. சும்மா சொல்லக்கூடாது, அவர் டெனிஷில் கதைக்கத் தொடங்கினால் மற்றவர்கள்தான் கொஞ்சம் சிறுத்துப்போவார்கள்.

இந்தச் சங்கதி தெரியாத ஒரேயொரு ஆள் அவர்களுடைய மகள் சாருஜா. நம்புவது கஷ்டம், ஆனால் அது அப்படித்தான் நடந்தது. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது பாலர் பள்ளியில் ஒருவர், பிள்ளை பின்தங்கிவிடும், வீட்டிலும் டெனிஷ் கதையுங்கள் என்று சொல்லிவிட்டார். பாலேந்திரா சொன்னதைச் செய்கிற மனிசன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே மகளோடு டெனிஷில் கதைக்கத் தொடங்கியவர், பிறகு நிறுத்தவேயில்லை. தாய் தமிழில் கேட்பார், மகள் டெனிஷில் பதில் சொல்வாள். தகப்பன் அவளோடு கதைத்ததெல்லாம் டெனிஷ்தான், அவள் பக்கத்தில் இருக்கும்போது மனைவியோடு கதைத்ததும் அதில்தான். தொழிற்சாலையில் கற்ற டெனிஷ், பாதி யன்னல் சட்டங்களின் பெயர், மிச்சம் ஓம், இல்லை, கவனம், குளிரும் என்பது. ஆகவே அவளுக்குத் தெரிந்த அப்பா நூற்று அறுபத்துநாலு. சங்க மேடையில் நன்றியுரை சொல்லும் ஆளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். மேடையில் நின்றால் யாரும் பெரிதாகத்தானே தெரிவார்கள்? இறங்கி வந்து அவளிடம், பசிக்கிறதா என்று டெனிஷில் கேட்கும்போது ஆள் அவளுடைய அப்பாவாகிவிடுவார். பதின்மூன்று வயதில் ஹேண்ட்பால் விளையாடத் தொடங்கியபின் விழாக்களுக்கு வருவதையும் விட்டுவிட்டாள். மற்றவர்கள் எவரும் அவளிடம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்துவிட்டார்கள்.

அவள் தகப்பனில் அன்பில்லாதவள் என்று யாரும் நினைக்கவேண்டாம். அன்பு இருந்தது, ஆனால் அதில் முக்கால்வாசி இரக்கம். சின்ன மனிசர், சட்டை எப்போதும் தொளதொள என்று இருக்கும், கடையில் நாலு பேருக்குப் பின்னால் நின்று, காசாளர் நிமிர்ந்து பார்க்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். படித்து முடித்து ஹோர்சன்ஸில் ஒரு களஞ்சிய நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை எடுத்துப் போனபின் அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பாள். தகப்பனோடு இரண்டு நிமிடம் போகாது. அங்கே மழையா, கார் ரயர் மாற்றியாச்சா, சரி, அம்மாவிடம் கொடுக்கிறேன். இந்த மனிசருக்கும் எனக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது என்று யோசித்து யோசித்துக் களைத்துத்தான் அவள் ஊசியைக் கையிலெடுத்தாள்.

அலுவலகத்தில் பெண்கள் எல்லாரும் பின்னுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் பின்னுவார்கள், ரெயினில் பின்னுவார்கள், கூட்டத்தில் முதலாளி கணக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதும் கண் அவரிலும் கை ஊசியிலும் இருக்கும். பக்கத்து மேசை மெட்டெதான் சாருஜாவுக்கு ஊசி பிடிக்கக் காட்டினாள். முதலில் பாத்திரம் துடைக்கும் துணி, எல்லாரும் அதில்தான் தொடங்குவார்கள். பிறகு மெட்டெயின் குழந்தைக்கு ஒரு தொப்பி. அந்தத் தொப்பி சரியாக வந்த துணிவில், 2023 ஓகஸ்டில், தகப்பனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு முழு ஆளுக்கான சுவெற்றர் பின்னுவதென்று முடிவெடுத்து, ஆறு பக்க மாதிரிக்குறிப்பு ஒன்றை வாங்கினாள். அதில் முதல் வரியே, ஊசியைத் தொட முதல் ஆளை அள, என்று இருந்தது. ஒரு சனிக்கிழமை கிரின்ஸ்டெட்டுக்குக் காரில் போனாள். தாய் வேலையில். குளிர்கால ஜக்கற் வாங்கப்போகிறேன், அசையாமல் நில்லுங்கள் என்று டெனிஷில் சொல்லித் தகப்பனை அளந்தாள். அவரும் சரி சரி என்று டெனிஷில் சொல்லிக்கொண்டு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நெஞ்சளவு தொண்ணூற்றிரண்டு. அது குறிப்பில் ஆகச் சிறிய அளவு. அப்பாவி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள்.

முதன்முதலில் பெரிய சுவெற்றர் பின்னியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். இது கழுத்திலிருந்து கீழே இறங்கும் பின்னல். கழுத்துக்குத் தொண்ணூற்றாறு கண்ணி போட்டு வளையமாகச் சேர்த்து, தோளுக்கு வர வர நாலு இடத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். முதல் தடவை வளையம் முறுக்குப்பட்டுவிட்டது, ஆறு விரற்கடை பின்னியபின்தான் கண்டாள். அவிழ்த்தாள். இரண்டாம் தடவை மூன்று இடத்தில் கூட்டி ஒரு இடத்தில் மறந்துவிட்டாள், ஒரு தோள் மட்டும் வளரவில்லை. அவிழ்த்தாள். குறிப்பிலிருந்த சுருக்கெழுத்துகள் டெனிஷ்காரருக்கே விளங்காதவை, அவற்றுக்கு ஒரே வீடியோவை முப்பது தடவை பார்த்தாள். உடம்பு முடிந்து கையைத் தொடங்கியபோது கமக்கட்டில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது, அதை மெட்டெ ஒரு நூல் கொண்டு கட்டிக்கொடுத்தாள். எல்லாமாகத் தொண்ணூறு நாள். சாம்பல் நிறம், பத்து உருண்டை நூல். நனைத்து, துவாயில் விரித்து, மூலை மூலையாக இழுத்துக் காயவைத்தபோது, கடையில் வாங்கியது என்று சொன்னாலும் நம்புவார்கள் என்று மெட்டெ சொன்னாள். சாருஜா அன்றைக்கு அதைத் தன் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு, கடமை நேரம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறந்தநாள் நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு மண்டபத்தில். ஏற்பாடெல்லாம் அங்கே குடியிருக்கும் சிறீஸ்கந்தராசா. நூற்றைம்பது பேர், ரோல்ஸ், பற்றிஸ், புரியாணி, அறுபது என்று எழுதிய பெரிய கேக். கேக் வெட்டும்போது தகப்பன் அதைப் போட்டிருக்கவேண்டும் என்று சாருஜா சுவெற்றரை முதல் நாளே பொதிகட்டித் தாயிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அன்றைக்கு அவளுடைய கார் வழியில் நின்றுவிட, வர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. பாலேந்திராவோ மூன்று மணித்தியாலமாகத் தமிழிலேயே மூழ்கிக்கிடந்தார், நூற்று எழுபத்துநாலு வரை போய்விட்டார். பிள்ளை பின்னினதாம், போடுங்கோ அண்ணை, போடுங்கோ என்று எல்லாரும் நிற்க, கோட்டைக் கழற்றிவிட்டுச் சுவெற்றருக்குள் தலையை விட்டார். தலை போனது. கை இரண்டும் முழங்கைவரை போயின. தோளில் வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கை இரண்டும் கூரையைப் பார்க்க, முகம் பின்னலுக்குள் மூடுண்டு, மனிசன் மண்டபத்துக்கு நடுவில் நின்றார். சிறீஸ்கந்தராசா ஒரு பக்கம் இழுக்க, சங்கத்து அந்தோனிதாசன் மறுபக்கம் இழுக்க, கிழிஞ்சுபோகும் கவனம் என்று சுசீலாதேவி சத்தம்போட, அந்த நேரம் பார்த்துத்தான் சாருஜா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

அவள் கண்டது தான் தொண்ணூறு நாள் பின்னிய சுவெற்றரை எவனோ ஒரு பெரிய ஆள் போட்டுக் கிழிக்கப் பார்ப்பதைத்தான். தாயிடம் போய், யார் அந்த ஆள், அப்பாவின் சுவெற்றரை ஏன் அவர் போட்டிருக்கிறார், அப்பா எங்கே என்று டெனிஷில் கேட்டாள். கோபத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்னலுக்குள்ளிருந்து பாலேந்திரா, இது நான்தான் மகள் என்று டெனிஷில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய தோள் ஒடுங்கியது, கை குறுகியது, சுவெற்றர் தானாக வழுகி இறங்கி இடுப்பில் வந்து உட்கார்ந்தது, கழுத்தில் முகம் வெளியே வந்தது. கனகச்சிதம். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. சனம் கைதட்டியது, பிள்ளைக்கு நல்ல கை என்று பெண்கள் சொன்னார்கள். கைதட்டாமல் நின்றது சாருஜா ஒருத்திதான். கேக்கைத் தகப்பன் ஊட்டிவிட்டபோது வாயைத் திறந்தாள், விழுங்கினாள், என்ன ருசி என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

கோட்டுகள் கொழுவியிருந்த இடத்தில் தாயைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டாள். சுசீலாதேவிக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியபோது அந்த மனிசி, கையில் இருந்த தட்டத்தை யன்னல் கட்டில் வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன். உன்னோட கதைக்கேக்க அப்பா எப்பவும் அந்த அளவுதானே."

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. இருபத்தொன்பது வயதில், தன் தகப்பனை இதுவரை தான் பார்த்ததேயில்லை என்று ஒருத்திக்குத் தெரியவந்தால் அவள் என்ன செய்வாள்? சாருஜா அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அந்தச் சுவெற்றரைத் திருப்பித் தரும்படி தகப்பனிடம் கேட்டாள். கையில் ஒரு இடம் பிழை, திருத்தவேண்டும் என்றாள். அடுத்த நாள் கிரின்ஸ்டெட் வீட்டில் தாயின் இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டச் சொல்லி, சுவெற்றரைக் கீழ் விளிம்பிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினாள். சுசீலாதேவிக்கு மனம் பொறுக்கவில்லை. நீ கதைக்கும்போது சரியாகத்தானே இருக்கிறது, ஏன் இந்த விசர் வேலை என்றார். பிறகு, அப்படி அவ்வளவு வேண்டுமென்றால் நான் அப்பாவோடு தமிழில் கதைத்து அளந்து தருகிறேன், நூற்றாறு, எழுதிக்கொள் என்றார். சாருஜா எழுதவில்லை. அது உங்களோடு இருக்கிற அப்பாவின் அளவு, என்னோடு இருக்கிற அப்பாவை நான்தான் அளக்கவேண்டும் என்றாள். அதையும் டெனிஷில்தான் சொன்னாள், வேறு எதில் சொல்வது? அவளிடம் இருந்த தமிழ் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பாத தமிழ். அவிழ்த்த நூல் நூடில்ஸ் மாதிரிச் சுருண்டு கிடந்தது. அதை நனைத்து, கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்த நாலு நாள் எடுத்தது.

குறிப்பின்படி ஒரு ஆளுக்கு ஏழு அளவு எடுக்கவேண்டும். ஏழு அளவுக்கு ஏழு வசனம். கையைத் தூக்குங்கோ, கையை நீட்டுங்கோ, திரும்பி நில்லுங்கோ என்று தாயிடம் ரெலிபோனில் கேட்டு, டெனிஷ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பாடமாக்கினாள். அலுவலகச் சாப்பாட்டு அறையில் அவள் சொல்லிப் பார்க்க, மெட்டெயும் கேட்டுக் கேட்டு இரண்டு வசனம் பாடமாக்கிவிட்டாள். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு மத்தியானம் கிரின்ஸ்டெட் வீட்டில் தகப்பனைக் கூடத்துக்கு நடுவில் நிறுத்தினாள். சுசீலாதேவியை அடுப்படியை விட்டு வரவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தாள், அவரும் கதவோரம் காதை வைத்துக்கொண்டு நின்றார். அப்பா, கையைத் தூக்குங்கோ என்று சாருஜா தமிழில் சொன்னாள். பாலேந்திரா திடுக்கிட்டுப்போனார். ஓம் பிள்ளை என்றார். நெஞ்சைச் சுற்றிய அளவுநாடா அவளுடைய விரல்களுக்கு நடுவில் மெல்ல இறுகியது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு. கமக்கட்டுக்குத் தமிழ் வரவில்லை, வாய் தவறி டெனிஷில் சொல்லிவிட்டாள், நாடா தொய்ந்து கீழே விழுந்தது. மறுபடி தொடங்கினாள். மறுபடி ஒரு டெனிஷ் சொல், மறுபடி தொண்ணூற்றிரண்டு. ஏழு வசனமும் முடிந்துவிட்டன, ஒரு அளவும் நிற்கவில்லை. மகளுக்கு முன்னால் சும்மா நின்றாலும் பழக்கத்தில் ஆள் இறங்கிக்கொண்டே போகிறார். ஏதாவது தமிழில் சொல்லியே ஆகவேண்டும், தொடர்ந்து சொல்லவேண்டும். அவளிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் பதினெட்டு வருடமாக எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அது இதுதான். அவளுக்குப் பதினொரு வயதில், பெற்றோர் சந்திப்புக்குப் பாலேந்திரா வேலையை அரைநாள் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். வகுப்பாசிரியை விறுவிறுவென்று கதைக்க, அவர் சின்னக் கதிரையில் நூற்று ஐம்பதுக்கும் கீழே போய், கால் நிலத்தில் படாமல் தொங்கிக்கொண்டு இருந்தார். பயத்தில் ஒடுங்கிப்போய் இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவளுடைய சிநேகிதிகள் நின்றார்கள். ஆசிரியையின் டெனிஷை வீட்டு டெனிஷுக்கு மாற்றித் தகப்பனுக்குச் சொல்வது சாருஜாவின் வேலை. ஆசிரியை சொன்னது, நீங்கள் வந்தது எனக்கு மிகவும் சந்தோஷம், அடுத்த மாதம் வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு கதைப்பீர்களா என்று. சாருஜா சொன்னது, எல்லாம் நல்லம், இனிமேல் நீங்கள் வரத் தேவையில்லையாம் என்று. பாலேந்திரா தலையாட்டினார், ஆசிரியைக்குக் கைகொடுத்தார், அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. அவள் பரிசு வாங்கிய நாளுக்கும் தாய்தான் போனார்.

இதை அவள் தமிழில் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று கேட்காதீர்கள். உடைந்த தமிழ், முன்னுக்குப் பின் முரணான தமிழ், ஆனால் ஒரு டெனிஷ் சொல் கலக்கவில்லை, சொல் வராத இடத்தில் நின்று, மூச்செடுத்து, வேறு பக்கத்தால் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ரீச்சர் அப்பிடிச் சொல்லேல்லை அப்பா. அவ உங்களைத் திரும்ப வரச் சொன்னவ. நான் பொய் சொன்னனான். எனக்கு வெக்கமா இருந்தது."

"தெரியும் பிள்ளை," என்றார் பாலேந்திரா. "அவ சொன்னது எனக்கு அப்பவே விளங்கினது."

"அப்ப ஏன் வரேல்லை?"

"நீ நான் வரவேண்டாமெண்டு நினைச்சனி. பிறகு நான் என்னெண்டு வாறது?"

அடுப்படிக் கதவோரம் சுசீலாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கூடத்தில் சாருஜாவின் கையிலிருந்த நாடா இழுபட்டது, விரல்களை அறுக்கிற மாதிரி இழுபட்டது, அவள் விடவில்லை. நூறு, நூற்றாறு, அதையும் தாண்டி நூற்றுப் பதினாலில் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். வளர்ந்தபிறகு தகப்பனின் முகத்தைப் பார்க்க அவள் நிமிரவேண்டியிருந்தது அதுதான் முதல் தடவை. உயரம் நூற்று எழுபத்தாறு. சங்கத்து நன்றியுரையிலும் அவர் அந்த அளவுக்குப் போனதில்லை, எனக்குத் தெரியும், நான் எல்லா நன்றியுரைக்கும் இருந்தவன். பிள்ளையின் அரைகுறைத் தமிழில் ஏன் அவ்வளவு என்று சிறீஸ்கந்தராசாவிடம் கேட்டால் ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்வார். நான் அளவை மட்டும் எழுதுகிறேன். இரண்டு பேரும் அழுதுகொண்டுதான் நின்றார்கள். பிறகு பாலேந்திரா, தூக்கிய கையை இறக்காமலே, அளவை எழுதினியோ பிள்ளை என்று கேட்டார். எழுதவில்லை. மிச்சம் ஆறு அளவும் எடுத்து முடிய சோறு ஆறிப்போய்விட்டது. அதுவரைக்கும் அவள் தமிழில் தன் அலுவலகத்தைப் பற்றியும், மெட்டெயின் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பற்றியும், கார் நின்றுபோன விதத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டாவது சுவெற்றர் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடிந்தது. நூற்றுப் பதினாலுக்குப் பத்து உருண்டை போதாது, இன்னும் நாலு வேண்டும். கடையில் அதே நிறம் இருந்தது, ஆனால் அதே நாளில் சாயம் போட்டது இல்லை. அதனால் வயிற்றுக்குக் கீழேயும் இரண்டு முன்கையிலும் சாம்பல் ஒரு பங்கு கறுப்பாக இருக்கும், வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். மெட்டெ அதைக் கண்டு முகத்தைச் சுளித்தாள், அவிழ்த்துவிட்டு இரண்டு நூலையும் கலந்து பின்னச் சொன்னாள். சாருஜா மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு சனிக்கிழமை அவளே கொண்டுபோய், கதைத்துக் கதைத்துப் போட்டுவிட்டாள். கழுத்து, தோள், கை எல்லாம் சரி. சுசீலாதேவி சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஆள் இப்ப மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்றார், பாலேந்திரா வெட்கப்பட்டார்.

அதன்பிறகு அவர் அதைக் கழற்றுவது தோய்க்கத்தான். மற்றவர்களோடு தமிழ் கதைக்கும்போது கொஞ்சம் தொளதொளப்பு, கைக்கு ஒரு மடிப்புப் போதும். தொழிற்சாலையில் டெனிஷ் கதைக்கும்போது சுவெற்றர் தொடைவரை தொங்கும், கையை நாலு மடிப்பு மடித்து விட்டிருப்பார். ப்ரெபென் ஒரு நாள், இது உனக்குப் பெரிதல்லவா என்று கேட்டான். மகள் பின்னினது, அளவெடுத்துத்தான் பின்னினாள் என்று பாலேந்திரா சொன்னார். ப்ரெபென் தலையாட்டிவிட்டுப் போனான். சின்ன சுவெற்றராக வாங்கிப் போடலாமே என்று சங்கத்தில் புத்தி சொன்னவர்களுக்கும் அதே பதில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது தமிழில் ரெலிபோன் நாற்பது நிமிடம், ஒரு மணித்தியாலம் என்று போகிறது, சில நாள் தாய்க்கு முறையே வருவதில்லை, அதற்கு அவருக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. ரெலிபோன் அடிக்கும். இஞ்சருங்கோ, பிள்ளை எடுக்கிறாள் என்று சுசீலாதேவி கூப்பிடுவார். பாலேந்திரா ஓடிப்போய் எடுக்கமாட்டார். கோப்பையை மேசையில் வைப்பார். முதலில் இடது கை மடிப்பை இறக்கிவிடுவார், பிறகு வலது கை. அடிக்கட்டும், அவள் வைக்கமாட்டாள். இரண்டு கையையும் மணிக்கட்டுவரை நீவிவிட்டுத்தான் எடுத்து, சொல்லு பிள்ளை என்பார்.